சொத்துப் பத்திரச் சொற்கள்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர்களின் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. இரண்டு வருடம் முன்பு தன் சுயசம்பாத்திய வீட்டைத் தம்பி பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். "இதுவும் உயில் மாதிரிதான், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று பத்திர எழுத்தர் சொன்னாராம். இப்போது தம்பி அப்பாவைக் கவனிப்பதில்லை. ரத்து செய்ய முடியுமா? - வாசகி, விருதுநகர்

பதில்: உயில் மாதிரி இல்லவே இல்லை. இந்த ஒரு தவறான பேச்சால் வீடு இழந்த பெரியவர்கள் நிறைய. உயில், அதை எழுதியவரின் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். அதுவரை எத்தனை முறையும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை. செட்டில்மெண்டோ பதிவாகி, தம்பி அதை ஏற்றுக்கொண்டதுமே உரிமை அவருக்குப் போய்விட்டது. அப்பா தனியாகப் போய் ரத்துப் பத்திரம் எழுதிப் பயனில்லை. ரத்து செய்யும் உரிமையைப் பத்திரத்திலேயே வைத்துக்கொண்டிருந்தால் தவிர, அப்படி ஒருதலையாக எழுதும் ரத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2022-ல் சொல்லிவிட்டது.

முதலில் பத்திரத்தின் சான்றிட்ட நகலை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். "சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்பது எல்லாப் பத்திரத்திலும் வருவதுதான். நீங்கள் தேட வேண்டியது வேறு: அப்பாவுக்கு ஆயுள் உரிமை (உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமை) இருக்கிறதா, கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா?

நிபந்தனை இருந்தால், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23-ன்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். நிபந்தனை இல்லாவிட்டால் மனு பலவீனப்படும் என்பதே 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் நிலை. ஆனால் இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகப் படிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. அந்த வழக்கில் மகன் தனியாக எழுதிக் கொடுத்த உறுதிமொழிக் கடிதமும் கணக்கில் வந்தது. எனவே தம்பி கைப்பட எழுதியது ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

ஏமாற்றியோ வற்புறுத்தியோ எழுதி வாங்கியிருந்தால் சிவில் வழக்குதான் வழி. விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ஏற்கெனவே இரண்டு வருடம் ஆகிவிட்டதால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை என்று வந்தது. மனையை நம்பி வாங்கலாமா? - வாசகர், ஓசூர்

பதில்: நீங்கள் கேட்ட காலத்துக்குள், கொடுத்த சர்வே எண்ணுக்கு, பதிவான ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். பதிவாகாத உயில், வாய்மொழிக் குத்தகை, வாரிசுகளின் பங்கு எதுவும் அதில் வராது. உட்பிரிவான சர்வே எண் என்றால் பழைய எண்ணுக்கும் போட்டுப் பாருங்கள். புது எண்ணுக்கு மட்டும் போட்டதால் முந்தைய அடமானம் கண்ணில் படாமல் போவது அடிக்கடி நடக்கிறது. சார்பதிவக எல்லை மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். தாய்ப்பத்திரத்திலிருந்து (சொத்தின் பழைய மூலப் பத்திரம்) இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்பதே முக்கியம். வில்லங்கச் சான்று அதற்குத் துணை மட்டுமே.

கேள்வி: பட்டா என் பேரில் இருக்கிறது, நிலம் என்னுடையதுதானே? - வாசகர், தஞ்சாவூர்

பதில்: பட்டா வருவாய்த் துறைப் பதிவேடு. பட்டா மாறியதால் மட்டும் உரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. கிரயம், தானம், பாகப்பிரிவினை, வாரிசுரிமை என்று ஏதாவது ஒரு மூலம் வேண்டும். தாசில்தார் பட்டாவைத் தவறாக மாற்றிவிட்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். உரிமையே தகராறு என்றால் சிவில் நீதிமன்றம்தான்.

கேள்வி: அக்கா தன் பங்கை எனக்கு விடுதலைப் பத்திரமாக எழுதித் தருகிறார். என் மனைவி பேருக்கு எழுதலாமா? - வாசகர், சேலம்

பதில்: கூடாது. பங்குதாரர் இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுப்பதுதான் விடுதலைப் பத்திரம். உங்கள் மனைவி அந்தச் சொத்தில் பங்குதாரர் இல்லை என்றால் தானமாகவோ கிரயமாகவோதான் எழுத வேண்டும்.