15 வயதுப் பெடியன் களவெடுத்தால் அது பிறவிக் குணமா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறா: மகன் கூட்டாளிகளோடு சேர்ந்து கடையில் போன் களவெடுத்துப் பிடிபட்டான், இனித் திருந்துவானா?

பெரும்பாலும் திருந்துவான். முதலில் பார்க்கவேண்டியது, இந்தப் போக்கு எப்ப தொடங்கினது என்பதை. உளவியலாளர் டெரி மொஃபிட் 1993இல் இப்படியான போக்கை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்று, பதின்ம வயதில் கூட்டாளிகளோடு தொடங்கி, வேலை குடும்பம் என்று வந்ததும் அடங்குவது. இதுதான் மிகப் பெரும்பான்மை. மற்றது சிறுவயதிலேயே தொடங்கி நீடிப்பது. அவனுடைய தரம் 2, 3 ஆசிரியரைக் கேளுங்கள்: அப்பவே அடித்தானா, கடித்தானா, பொய் சொன்னானா? வீடு, பள்ளிக்கூடம், டியூட்டரி எல்லா இடத்திலும் இப்படியா, அந்தக் கூட்டத்தோடு மட்டுமா? கூட்டத்தோடு மட்டும் என்றால் கூட்டத்தைத்தான் மாற்றவேண்டும்.

குணமே காரணம் என்ற வாதத்துக்கு உளவியலாளர் ஐசென்க்கின் 1964 கோட்பாட்டைக் காட்டுவார்கள். புறமுகத்தன்மை, அதாவது ஆட்களோடு கலகலப்பாகப் பழகி பரபரப்பைத் தேடும் குணம், கூடியவர்களுக்குத் தண்டனைப் பயம் எளிதில் பதியாது என்றார் அவர். ஆனால் புறமுகத்தன்மைக்கும் குற்றத்துக்கும் அவர் சொன்ன தொடர்பைப் பிந்திய ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை.

வன்னியில் இன்னொன்றையும் பார்க்கவேணும். யுத்தத்தில் அடிபட்ட வீட்டில் தகப்பனின் நித்திரையின்மை, திடீர்க் கோபம், குடி எல்லாம் பிள்ளையில் முரட்டுத்தனமாக வெளிப்படலாம். அதைக் குணம் என்று எழுதினால் சிகிச்சை பிழையாகப் போகும்.

18 வயதுக்கு முன் சமூகவிரோத ஆளுமைக் கோளாறு (மற்றவர் உரிமையையும் சட்டத்தையும் தொடர்ந்து மீறும் ஆளுமை) என்று எந்த வைத்தியரும் முத்திரை குத்தக்கூடாது. மாவட்ட வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குத் தகப்பனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.