நோட்டு அடித்தால் பிட்காயினா?

கேள்வி: நோட்டை அச்சடித்துத் தள்ளுகிறார்கள், விலைவாசி ஏறுகிறது. ரப்பர் ஷீட் விற்ற காசை பிட்காயினில் போட்டால் தப்பிக்கலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: பிட்காயின் என்பது கணினியில் மட்டுமே புழங்கும் டிஜிட்டல் நாணயம். 2.1 கோடிக்கு மேல் அது வராது, இஷ்டத்துக்கு அச்சடிக்க முடியாது, அதெல்லாம் சரி. எண்ணிக்கை நின்றால் விலையும் நிற்குமா என்ன? 2022-ல் அமெரிக்கப் பணவீக்கம் 9 சதவீதத்தைத் தாண்டியது, கைகொடுக்க வேண்டிய நேரம் அதுதான், ஆனால் முந்தைய நவம்பரில் 69,000 டாலரை எட்டிப்பார்த்த பிட்காயின் அந்த ஆண்டுக் கடைசியில் 17,000-க்குக் கீழே கிடந்தது. ரப்பர் விலையின் ஆட்டமே தேவலை! லாபத்துக்கு 30 சதவீத வரி வேறு, நஷ்டத்தை எதிலும் கழிக்கவும் முடியாது. போனால் போகட்டும் என்கிற காசை மட்டும் போடுங்கள், பிள்ளையின் படிப்புப் பணத்தைத் தொடாதீர்கள்.