ஒரே தேதி, ஒரே நாளா?

அன்புள்ள ஐயா,

தேவகோட்டை பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். தினமும் காலையில் கரும்பலகை ஓரத்தில் 'இந்த நாளில்' என்று நாலு வரி எழுதிப்போடுவேன். யார் பிறந்தார், யார் மறைந்தார், என்ன நடந்தது என்று. ஜூன் 24 அன்று கண்ணதாசன் (1927), எம்.எஸ்.விஸ்வநாதன் (1928) இருவர் பெயரையும் எழுதினேன். "அதனாலதான் டீச்சர் ரெண்டு பேரும் சேர்ந்தாங்களா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். வீட்டில் அப்பத்தாவோ, "நட்சத்திரம் ஒண்ணா இருந்தாத்தானே ஒரே நாளு, இங்கிலீஷ் தேதியில என்ன இருக்கு" என்கிறார்கள். பிள்ளைக்கு என்ன சொல்வது? இப்படித் தேதி பார்த்து எழுதுவதில் பிரயோஜனம் உண்டா?

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் அப்பத்தா கட்சி பேசிவிடுகிறேன். 1927 ஜூன் 24 வெள்ளிக்கிழமை. ஐந்து நாள் கழித்து 29ஆம் தேதி அமாவாசை. இங்கிலாந்தில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்த நாள் அது. ஆக, சிறுகூடல்பட்டியில் கண்ணதாசன் பிறந்தது தேய்பிறையில். மறு வருஷம் ஜூன் 17இல் அமாவாசை. அதற்கு ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை, பாலக்காடு பக்கம் எலப்புள்ளியில் விஸ்வநாதன் பிறந்தது வளர்பிறையில். ஒன்று பிரபவ வருஷத்து ஆனி, இன்னொன்று விபவ வருஷத்து ஆனி. பஞ்சாங்கத்தை விரித்தால் இரண்டு பிறந்தநாளும் ஒட்டவே ஒட்டாது. பிள்ளையிடம் இதை அப்படியே சொல்லுங்கள். மெட்டும் பாட்டுமாக வருஷக்கணக்கில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்ததில் சேர்ந்தவர்கள் அவர்கள் என்றும் சொல்லுங்கள்.

நம் ஊர்ப்பக்கம் நாள் என்றால் நட்சத்திரமும் திதியும்தான். சா.கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். பங்குனி மாதம் அத்த (ஹஸ்த) நட்சத்திரத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதிக்குப் போக வேண்டும் என்பதுதான் கணக்கு. அது ஆங்கில மாதத்தில் எந்தத் தேதியில் விழுகிறது என்று யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

அப்படியானால் தேதியை விட்டுவிடலாமா? கூடாது. எனக்கு இது புரிந்தது ஒரு தகரப் பெட்டியால்.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர். அங்கே பெகு என்ற ஊரில் ஒரு பெட்டியடியில், அதாவது வட்டிக்கடையில், அடுத்தாள் (உதவியாள்). அவர் போட்ட கடிதங்களை எங்கள் அப்பத்தா நூலால் கட்டி, வீட்டின் இரண்டாங்கட்டு அறையில் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி, அதன் கீழே தமிழ் வருஷம், மாதம், தேதி. அப்புறம் நெல் விலை, வட்டி வரவு, கடைசி வரியில் பிள்ளைகள் சுகம் விசாரிப்பு. அந்தக் கடிதங்களில் கடைசியாக இருந்தது விஷு வருஷம் (1941) கார்த்திகையில் எழுதியது. அதோடு சரி. ஏன் என்று கேட்டால் அப்பத்தா "குண்டு விழுந்த மார்கழி" என்பார்கள். அதற்கு மேல் பேச மாட்டார்கள்.

காலேஜுக்குப் போன பிறகுதான் ஒரு புத்தகத்தில் 1941 டிசம்பர் 23 என்ற தேதியைப் பார்த்தேன். ரங்கூன்மேல் ஜப்பான் விமானங்கள் முதன்முதலாகக் குண்டு போட்ட நாள். கீழ்ப்பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அப்போது செட்டியார்கள் கையில் இருந்தது. அந்தத் தேதியையும் அப்பத்தாவின் மார்கழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அதுவரை எங்கள் வீட்டுச் சங்கதியாக இருந்தது அன்றைக்கு உலகத்துச் சங்கதி ஆயிற்று. ஐயா அரக்கான் வழியாக நடந்து, சித்திரை பிறந்த பிறகு வீடு வந்து சேர்ந்தார்.

டிசம்பர் 23க்கு நான் பார்த்த பட்டியல்களில், 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டியது தவறாமல் இருக்கிறது. பெரிய விஷயம்தான், எழுதுங்கள். ஆனால் ரங்கூன் அதில் இல்லை. தனுஷ்கோடியும் இல்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில், 23 விடிந்தபோது அந்த ஊரே போயிருந்தது. பாம்பனிலிருந்து போன ரயிலும் போயிற்று. காரைக்குடியும் தனுஷ்கோடியும் அப்போது ஒரே ராமநாதபுரம் மாவட்டம். ரங்கூனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் ஒரே தேதியில் இரண்டையும் நம் பிள்ளைகள் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள்?

இன்னொன்று. தேதியே சில சமயம் வழக்காகிவிடும். 1919இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்து, அந்தச் சங்கத்தாரைப் பாட்டாகவும் பாடிய பாரதி, இறந்தது 1921 செப்டம்பர் 11 ராத்திரி, மணி ஒன்றரை வாக்கில். சென்னை மாநகராட்சிப் பதிவேட்டில் 12 என்று இருக்கிறது. நம் கணக்கில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். இரண்டு தேதியிலும் அஞ்சலி செலுத்தி வந்தார்கள். நூற்றாண்டின்போது, 2021இல், செப்டம்பர் 11ஐ 'மகாகவி நாள்' என்று தமிழக அரசு அறிவித்தது. பலகையில் எழுதும்போது இந்தக் கதையையும் சொல்லுங்கள். நாள் எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைகளே சண்டை போடட்டும்.

ஆங்கிலத் தேதிக்குக் கீழே தமிழ் மாதம், நட்சத்திரம், திதி மூன்றும் எழுதுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, ஆளுக்கு ஒரு நாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஏப்ரலில் மட்டும் ஒரு வேண்டுகோள். காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்த அழகப்பச் செட்டியார், கோட்டையூரில் பிறந்தது 1909 ஏப்ரல் 6. மறைந்தது 1957 ஏப்ரல் 5. விடிந்திருந்தால் 48 நிறைந்திருக்கும். 5ஆம் தேதி எழுதியதை அன்று சாயங்காலம் அழித்துவிடாதீர்கள். மறுநாள் அதன் பக்கத்திலேயே பிறந்தநாளை எழுதுங்கள்.