டி.சி. வாங்கினால் போதுமா?

கேள்வி: பரஸ்பர சம்மதத்தில் எங்களுக்கு விவாகரத்து ஆகிவிட்டது. எட்டு வயது மகள் என்னோடு. சனி, ஞாயிறு அவள் அப்பா வீட்டில். கோர்ட் ஆர்டரே அப்படித்தான். இப்போது எனக்குப் பெங்களூருவில் வேலை கிடைத்திருக்கிறது. பள்ளியில் டி.சி. கேட்டால் அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். அதை மட்டும் எப்படியாவது வாங்கிவிட்டால் கிளம்பிவிடலாம் அல்லவா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: அப்பாவின் கையெழுத்து! இதை இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியாயிற்று, பள்ளிகள் திருந்தும்வரை எழுதத்தான் போகிறேன். கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, அப்பா கையெழுத்து போட்டால்தான் ஆகும் என்று திருப்பிவிட்டார்கள். அவர் விடவில்லை, உச்ச நீதிமன்றம் போனார். பிள்ளையின் பொறுப்பு நடைமுறையில் தாயிடம் இருந்தால், தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராக, அதாவது பிள்ளைக்காகச் சட்டப்படி முடிவெடுத்துக் கையெழுத்திடுபவராக, இருக்கலாம் என்று 1999-இல் தீர்ப்பு வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் பள்ளி அலுவலகத்தில் அதே பல்லவி! ஆர்டரின் சான்றிட்ட நகலை இணைத்துத் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு உங்கள் நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆனால் அந்த விண்ணப்பத்தை இன்று கொடுத்துவிடாதீர்கள். பள்ளி என்ன சொன்னாலும், சனி, ஞாயிறு அப்பாவிடம் என்ற வரி ஆர்டரில் அப்படியே இருக்கிறது. சொல்லாமல் போனால் முதல் வாரமே அதை மீறியவர் ஆகிவிடுவீர்கள். ஆர்டரை நிறைவேற்றக் கோரி அவர் மனு போடுவார். அதன் பிறகு வேலை, சம்பளம் என்று எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும், 'கேட்காமல் ஏன் போனீர்கள்?' என்ற கேள்வியிலேயே உங்கள் வழக்கு நொண்டும். அவர் வாட்ஸாப்பில் 'சரி' என்று போட்டிருந்தாலும் அது ஆர்டர் ஆகாது. அவருக்குச் சம்மதம் என்றால் இருவரும் ஒப்புக்கொண்டதை எழுதிக் கையெழுத்திட்ட கூட்டு மெமோவைக் கோர்ட்டில் தாக்கல் செய்து ஆர்டரையே மாற்றி வாங்குங்கள்.

சம்மதிக்காவிட்டால், விவாகரத்து தந்த அதே குடும்ப நல நீதிமன்றத்தில் இந்து திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவின்படி மனு போடலாம். விவாகரத்துக்குப் பிறகும் குழந்தை தொடர்பான ஏற்பாட்டை மாற்ற அந்தப் பிரிவு இடம் தருகிறது. 2010-இல் விக்ரம் வீர் வோரா வழக்கில் மகனை ஆஸ்திரேலியாவுக்கே அழைத்துப்போகத் தாய்க்கு உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. அந்தத் தாயும் முதலில் அனுமதி கேட்டு மனு போட்டவர்தான்.

மனுவோடு வேலை நியமனக் கடிதம், வாடகை ஒப்பந்தம், புதுப் பள்ளியில் இடம் உண்டு என்பதற்கான கடிதம் எல்லாம் வேண்டும். பள்ளி விட்டு வந்ததிலிருந்து நீங்கள் வீடு திரும்பும்வரை குழந்தை யாரோடு இருப்பாள் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நீதிபதி குழந்தையைத் தனியே கூப்பிட்டுப் பேசலாம். அதற்காக அவளுக்கு வசனம் சொல்லிக்கொடுக்காதீர்கள். எட்டு வயதுப் பிள்ளை வக்கீல் பாஷை பேசினால் அங்கிருக்கும் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அப்பா இழக்கும் வார இறுதிகளுக்கு ஈடாக நீங்கள் தரும் அட்டவணை. 'பொங்கல் விடுமுறை முழுக்க அப்பாவிடம்' என்று தாராளமாக எழுதிவிடுவார்கள். பெங்களூருவில் சங்கராந்திக்குப் பெரும்பாலும் ஒரு நாள்தான் லீவு; வண்டியில் போய்த் திரும்பவே அது பத்தாது. அங்கே நீண்ட விடுமுறை தசராவுக்கு. ஆகவே புதுப் பள்ளியின் காலண்டரை வாங்கி, தேதி போட்டு எழுதுங்கள்: தசரா விடுமுறை, கோடையில் பாதிக்கு மேல், மாதம் ஒரு வார இறுதி. தினமும் வீடியோ அழைப்புக்கு ஒரு நேரமும் குறியுங்கள். பிரிந்திருக்கும் பெற்றவர் தினம் ஐந்து பத்து நிமிடமாவது பிள்ளையோடு பேச வேண்டும் என்று 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பயணத்தையும் விட்டுவிடாதீர்கள். வந்தே பாரத்திலேயே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், எட்டு வயதுப் பிள்ளையைத் தனியாக ஏற்றிவிட முடியாது. ஐந்து வயது தாண்டினால் தனி இருக்கைக்கு முழுக் கட்டணம். யார் கொண்டுபோய் விடுவது, யார் திரும்ப அழைத்து வருவது, டிக்கெட் யார் செலவு, ரயில் ரத்தானால் அந்தச் சனிக்கிழமைக்குப் பதில் எந்தச் சனிக்கிழமை என்பதுவரை மெமோவோ மனுவோ, அதிலேயே எழுதிவிடுங்கள்.