பழைய தமிழ் மின்னஞ்சல் குப்பை எழுத்தாகத் தெரிந்தால் மீட்க முடியுமா?

கேள்வி இதுதான்: அப்பா 2003 வாக்கில் கொழும்பிலிருந்து அனுப்பிய தமிழ் மடல்கள் இப்போது புரியாத எழுத்தாகத் தெரிகின்றன. சிலவற்றில் ‘இந்த எழுத்துக் குறியாக்கத்துக்கு ஆதரவில்லை’ என்று வந்து, மடல் ஓர் இணைப்புக் கோப்பாக நிற்கிறது.

பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆனால் அதுவரை அவற்றை ஃபார்வர்டு செய்யாதீர்கள், திரையிலிருந்து காப்பி எடுத்து வேர்டில் ஒட்டவும் வேண்டாம். ஜிமெயில் என்றால் மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ போய் மூல மடலை அப்படியே இறக்கி வையுங்கள். இணைப்பாக நிற்பதையும் சேமியுங்கள். சர்வருக்குக் குறியாக்கத்தின் (எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையின்) பெயர் தெரியவில்லை, அதனால் உள்ளே கைவைக்காமல் விட்டிருக்கிறது. நமக்கு அது நல்லதே.

அப்புறம் மூல மடலில் ‘கன்டென்ட் டைப்’ வரியில் ‘சார்செட்’, அதாவது குறியாக்கத்தின் பெயர், என்ன என்று பாருங்கள். அதை முழுக்க நம்ப முடியாது, அந்தக் காலத்தில் பல மடல்கள் எந்தக் குறியாக்கம் என்று சொல்லாமல் ‘எக்ஸ் யூசர் டிஃபைன்டு’ என்றே போயின. குப்பையின் முகத்தைத்தான் அதிகம் நம்ப வேண்டும்.

வெறும் ஆங்கில எழுத்துகளாக இருந்தால் பாமினி என்ற பழைய எழுத்துரு. 2003, கொழும்பு என்றதும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரியும். இது குறியாக்கப் பிழையே இல்லை: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவம் வரைந்த எழுத்துரு அது. ஒரு எழுத்துகூடத் தொலைந்திருக்காது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றி மென்பொருள் ஒன்றில் பாமினியிலிருந்து, இன்றைய பொதுக் குறியாக்கமான யுனிகோடுக்கு மாற்றினால் போதும். இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களும் முகவரிகளும் தமிழ் எழுத்துகளாகக் குழம்பும், அவற்றை மூலத்தைப் பார்த்துக் கையால் திருத்துங்கள்.

தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் கலந்து கட்டி வந்தால் பழைய தமிழ்க் குறியாக்கங்களான திஸ்கியாகவோ, 1999 சென்னை மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் வகையாகவோ இருக்கலாம். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், சரியானது உடனே தமிழாகப் படிக்க வரும். லினக்ஸில் ‘ஐகான்வ்’ கட்டளைக்கே திஸ்கி தெரியும்.

சாய்கோடு போட்ட சின்ன ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, இந்த ஜோடியே திரும்பத் திரும்ப வருகிறதா? அது யூடிஎஃப்-8 (யுனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறை) மடல், மென்பொருள் அதை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே, அதனால்தான் அந்த ‘ஏ’ விடாமல் வருகிறது. தண்டர்பேர்டு போன்ற மென்பொருளில் குறியாக்கத்தை மாற்றினால் சரியாகிவிடும். காப்பி வேண்டாம் என்று சொன்னதும் இதற்காகத்தான். மெய்யெழுத்துப் புள்ளியின் மூன்றாவது பைட்டுக்கு, மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமான விண்டோஸ்-1252இன் அட்டவணையில் எழுத்தே கிடையாது. காப்பி எடுக்கும்போது அது மட்டும் உதிர்ந்துபோகலாம், பிறகு மாற்றினாலும் புள்ளிகள் திரும்பாது.

வெறும் கட்டங்கள் தெரிந்தால் மடலில் குறையில்லை, எழுத்துரு மட்டும் நிறுவுங்கள்.

கேள்விக்குறிகள் மட்டும் தெரிந்தால் வேறு கதை. தமிழுக்கு இடமில்லாத குறியாக்கத்துக்கு மாற்றும்போது ஏதோ ஒரு மென்பொருள் எல்லாவற்றுக்கும் பதிலாகக் கேள்விக்குறி எழுதிவிட்டது, அதை எந்த மாற்றியாலும் திருப்ப முடியாது. அது வழியில் நடந்திருந்தால் அப்பா அனுப்பிய படி அவரது ‘சென்ட்’ பெட்டியில் முழுதாக இருக்க வாய்ப்புண்டு. அவருடைய பழைய கணினி இன்னும் வீட்டில் இருந்தால், ஹார்டு டிஸ்க்கைப் பார்க்காமல் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.