மதியம் தூங்கும் கெட்ட பழக்கம்

கேள்வி: வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 36 ஆண்டு பணிக்குப் பின் 2024 மே 31 அன்று துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். சொந்த வீடு. பென்ஷன் 48,000 ரூபாய். மகன் பெங்களூரில், மகள் கோவையில். முதல் மாதம் திருச்செந்தூர், குற்றாலம் என்று போனது. அப்புறம் பொழுது நகரவில்லை. ஆபீஸிலிருந்து ஒருவரும் போன் செய்வதில்லை. சும்மா இருக்க வேண்டாமென்று வீட்டு நிர்வாகத்தைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன். மளிகை டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டினேன், சிலிண்டர் மாற்றும் தேதிக்கு ஒரு ரிஜிஸ்டர் போட்டேன். மனைவி (57) நல்ல துணை. அவளுக்கு மதியம் தூங்கும் கெட்ட பழக்கம் இருந்தது. நான் வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும் அதுவும் போய்விட்டது. இப்போது ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக அலுவலர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் 22,000. காலை 7.45-க்கு வண்ணார்பேட்டையில் கல்லூரி பஸ். மகன், ‘இந்த வயசுல வேலைக்குப் போனா நான் உங்களைக் கவனிக்கலன்னு ஊர் பேசும்’ என்கிறான். மனைவி, ‘உங்க இஷ்டம்’ என்கிறாள். போகலாமா, வேண்டாமா?
— பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் கருதி இங்கே சுருக்கியிருக்கிறோம். அந்த நான்கு பக்கத்தில் போன் அடிக்காததற்கு முக்கால் பக்கம், பிரிவு உபசார விழாவில் யார் யார் என்ன பேசினார்கள் என்பதற்கு ஒரு பக்கம். மனைவியின் தூக்கத்துக்கு ஒரே ஒரு வரி. எனக்கு அந்த வரி போதும்.

‘மதியம் தூங்கும் கெட்ட பழக்கம் அவளுக்கு இருந்தது. நான் வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும் அதுவும் போய்விட்டது.’

எழுதி முடித்த பிறகு இதை ஒருமுறையாவது படித்துப் பார்த்தீர்களா? ஏதோ வெற்றிலை பாக்கை நிறுத்த வைத்தவர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தூக்கம் தானாகப் போகவில்லை. நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

கல்யாணமாகி 33 வருஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தனை வருஷமும் காலை ஒன்பதே காலுக்கு நீங்கள் கேரியரோடு வண்டியை எடுத்தால், திரும்பி வர ஆறரை, ஏழு. ஜமாபந்தி என்கிற வருஷாந்திரக் கிராமக் கணக்குத் தணிக்கை, தேர்தல், வெள்ளம் என்றால் நடுராத்திரி. இடையில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் பாதித் தமிழ்நாட்டு வீடுகளில் நடந்தது அதுதான். பாத்திரம், துணி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் வீடு பெருக்குவது. மதியம் உங்கள் கேரியருக்குக் கட்டியது போக மிஞ்சிய குழம்பு இரண்டு கரண்டி, மோர், ஊறுகாய். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே வெறும் தரையில் புடவைத் தலைப்பை விரித்து ஒரு மணி நேரம். நாளின் பதினாறு, பதினேழு மணி நேர வேலையில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு மணி நேரம். உங்களுக்குத் தற்செயல் விடுப்பு இருந்தது, ஈட்டிய விடுப்பு இருந்தது, எடுக்காத விடுப்பைச் சரண்டர் செய்தால் பணமும் வந்தது. அந்த அம்மாவுக்கு இருந்தது இது ஒன்றுதான்.

இப்போது என்ன நடக்கிறது என்பதை நீங்களே வேறு வேறு பக்கங்களில் எழுதியிருக்கிறீர்கள். நான் கோத்துப் பார்த்தேன். பதினொரு மணிக்கு இரண்டாவது காபி. ஒன்றேகாலுக்குச் சாப்பாடு, ‘சூடாக இருந்தால்தான் எனக்கு இறங்கும்’. அப்பளம் அப்போதுதான் பொரிக்க வேண்டும். இரண்டு மணிக்கு டிவியில் செய்தி. இரண்டரைக்குப் பேப்பரில் உள்ளதைச் சத்தமாக வாசித்து ‘இருவரும் பேசிக்கொண்டிருப்போம்’. மூன்றேகாலுக்குக் காபி. ஒரு மனுஷி இதில் எந்த இடத்தில் படுப்பார்? நீங்கள் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கே அவருக்குப் பணி நீட்டிப்பு ஆணை போட்டுவிட்டீர்கள், கூடுதல் பொறுப்போடு. போதாக்குறைக்குச் சமையலறையில் ஜமாபந்தி வேறு. துவரம்பருப்பு டப்பா எதுவென்று 33 வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவருக்கு லேபிள் யாருக்காக?

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். என் அப்பா ரயில்வேயில் இருந்தார். 58-ல் ஓய்வு பெற்று வீட்டோடு வந்தார். ஒரு மாதம் போனதும் அம்மாவுக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது. தினமும் மதியம் இரண்டரை மணிக்குக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவாள். கோயில் நடை திறப்பதோ நாலரைக்கு. அப்பாவுக்கு அதில் பெருமை. ‘உங்கம்மா இப்பத்தான் பக்குவப்பட்டிருக்கா’ என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். ஒன்றரை வருஷம் கழித்து, கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா என்னிடம் சாதாரணமாகக் கேட்டாள்: ‘ஏன் கண்ணு, உங்க வீட்டுல ஃபேன் இல்லையா? அம்மா தெனமும் மண்டபத்துல வந்து தூங்குறாங்களே.’ தலைக்குக் கையை வைத்து, தூணோரமாக, செருப்பைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு. நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மா சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்பா போகிற வரைக்கும் அவருக்குத் தெரியாது. நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது தப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்கும் சேர்த்துத்தான் உங்களிடம் இவ்வளவு பேசுகிறேன்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. ஜப்பானில் ஓய்வு பெற்று வீட்டோடு ஒட்டிக்கொள்ளும் கணவனுக்கு ‘நனைந்த சருகு’ என்று பெயர். செருப்பில் ஒட்டினால் உதறினாலும் விழாது. நம் பெண்கள் அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்கள். ‘உங்க இஷ்டம்’ என்பார்கள். அதை நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். எந்தப் பதில் சொன்னாலும் தன் வேலை குறையப்போவதில்லை என்று தெரிந்தவர் வேறென்ன சொல்வார்?

‘அப்படியானால் நான் வேலைக்குப் போய்விடுகிறேன், அவள் தூங்கட்டும்’ என்று கிளம்பிவிடாதீர்கள். அங்கேதான் இரண்டாவது தப்பு காத்திருக்கிறது. 7.45 பஸ் என்கிறீர்கள். நீங்கள் ஏழரைக்கு வாசலில் இறங்க வேண்டும் என்றால் டிபனும் கேரியரும் ஏழுக்குத் தயாராக வேண்டும். அதற்கு அடுப்பு ஐந்தரைக்கு எரிய வேண்டும். தாலுகா ஆபீஸுக்கு ஒன்பதே கால் என்ற காலத்தில்கூட இவ்வளவு அதிகாலையில் எழுப்பியிருக்க மாட்டீர்கள். அப்போது அவருக்கு வயசும் முப்பது, நாற்பது. இப்போது 57. மூட்டு வலிக்குத் தைலம் தேய்ப்பதாக மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். மதியத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்து விடிகாலைத் தூக்கத்தைப் பிடுங்குவதற்குப் பெயர் நியாயமில்லை.

சம்பளம் 22,000, பஸ் இலவசம், ஞாயிறு லீவு என்று வரவு செலவெல்லாம் போட்டிருக்கிறீர்கள். கேரியர் யார் கட்டுவது என்று அதில் ஒரு வரி இல்லை. 36 வருஷம் அடுத்தவர்கள் கணக்கில் விடுபட்டதைச் சிவப்பு மையால் சுழித்தவர் நீங்கள். மத்திய அரசு 2024-ல் எடுத்த காலப் பயன்பாட்டு ஆய்வு, சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்களுக்கு ஒரு நாளில் 289 நிமிஷம் போகிறது, ஆண்களுக்கு 88 என்கிறது. இது அந்த வேலையைச் செய்கிற ஆண்களின் சராசரி. நீங்கள் அந்த 88-க்குள் வருவீர்களா என்று எனக்குச் சந்தேகம். லேபிள் ஒட்டியதைச் சேர்க்காதீர்கள்.

நான் பழைய பஞ்சாங்கம்தான். கணவன் சம்பாதிப்பதும் மனைவி சமைப்பதுமாக ஓடிய குடும்பத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். என் பாட்டி, அம்மா எல்லோரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். ஆனால் அது இரண்டு பேரும் சேர்ந்து இழுத்த வண்டி. ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டு, அதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மற்றதை இழுக்கச் சொல்வது எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. 58-ல் போக வேண்டிய உங்களுக்கு அரசாங்கம் 2020-ல் ஒரு வருஷம், 2021-ல் இன்னொரு வருஷம் கூட்டி 60 ஆக்கியது. (சான்றிதழ்படி ஜூன் 1 என்கிறீர்கள். உங்கள் தலைமுறையில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதியதுதானே பிறந்தநாள்? அப்படி ஜூன் 1-ல் பிறந்தவர்கள் ஒரு தாலுகாவே இருப்பார்கள். நிஜ வயசு உங்கள் அம்மாவுக்குத்தான் வெளிச்சம்.) உங்களுக்கு ஒரு தேதி இருந்தது, மாலை இருந்தது, பொன்னாடை இருந்தது. அந்த அம்மாவின் தேதி என்றைக்கு?

மகன் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஊர் பேசுவது அவன் கவலை, உங்கள் கவலை இல்லை. பணமும் காரணமில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், கணக்கும் அதைத்தான் சொல்கிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டிருக்கிறீர்கள். 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வருகிறது. பென்ஷன், வட்டி, இந்தச் சம்பளம் மூன்றும் சேர்ந்தாலும் 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரம்பைத் தாண்டாது. அதனால் வரிக்குப் பயந்து நிற்கவும் வேண்டாம். அந்தத் தபால் நிலையக் கணக்கு எது, பென்ஷன் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது, உங்களுக்குப் பின் குடும்ப ஓய்வூதியத்துக்கு எங்கே போய் யாரைப் பார்க்க வேண்டும் என்பது மனைவிக்குத் தெரியுமா? ரிஜிஸ்டர் போட ஆசை இருந்தால் அதற்குப் போடுங்கள்.

வேலைக்குப் போகலாமா என்றால், போங்கள். உட்கார்ந்து உட்கார்ந்து நீங்கள் கெட்டுப்போவீர்கள், நிர்வாகம் தெரிந்த ஆளைக் கல்லூரியும் இழக்க வேண்டாம். ஆனால் இந்த மாதம் வேண்டாம். அடுத்த மாதம் சேர்கிறேன் என்று சொல்லுங்கள், காத்திருப்பார்கள். போகிற அன்றிலிருந்து மதியச் சாப்பாடு கல்லூரி கேன்டீனில். காலை டிபன் நீங்களே செய்துகொள்வது. இட்லித் தட்டில் மாவு ஊற்ற யாரும் பரீட்சை எழுத வேண்டியதில்லை. அவர் ஆறரைக்கு எழுந்தாலும் சரி, ஏழரைக்கு எழுந்தாலும் சரி, அது அவர் இஷ்டம். இதற்குச் சம்மதமில்லை என்றால் வேலையும் வேண்டாம், வீட்டிலேயே இருந்து 88 நிமிஷத்தில் ஆரம்பியுங்கள்.

நாளைக்கு மதியம் சாப்பிட்டதும் உங்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, டிவியை அணைத்து, ‘நான் வெளியே போயிட்டு வரேன், நீ படு’ என்று சொல்லுங்கள். உங்கள் ஊரிலேயே மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, பேப்பர் எல்லாம் அங்கே கிடைக்கும், சத்தம் போட்டு வாசிக்கத்தான் விட மாட்டார்கள். நாலு மணிக்கு முன்னால் திரும்ப வேண்டாம். சாவி எடுத்துப் போங்கள், காலிங் பெல்லை அமுக்காதீர்கள். வரும்போது பால் வாங்கி வந்து காபி நீங்கள் போடுங்கள். டிகாஷன் இறக்கத் தெரியாவிட்டால் கோவைக்குப் போன் போட்டு மகளிடம் கேளுங்கள். மனைவியை எழுப்பிக் கேட்காதீர்கள்.