அடுப்படிக்கு எழுந்து போகிறவரைக் கேளுங்கள்

கேள்வி: எனக்கு 64 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. அப்பாவுக்கு 86, அம்மாவுக்கு 81. இருவரும் என்னோடுதான் இருக்கிறார்கள். அப்பா இளவயதில் நாடகக் கம்பெனியில் இருந்தவர். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது சினிமாவில் சேர மெட்ராஸ் போய், ஆறு வருஷம் கழித்துத் திரும்பினார். சிவாஜி படம் ஒன்றில் தர்பார் காட்சியில் நின்று ஒரு வசனம் பேசியதாக வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வார். என் பேரன் யூடியூபில் அந்தப் படத்தை முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு "பெரிய தாத்தா அதுல இல்லவே இல்லை" என்று சொல்லிவிட்டான். போன மாதம் ஒரு வளைகாப்பில் என் கணவர் இதைச் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிச் சிரித்தார். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவோ சினிமாப் பேச்சை எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அந்த ஆறு வருஷமும் தறி ஓட்டி என்னையும் தம்பியையும் வளர்த்தவர் அவர். அப்பாவின் மனம் நோகாமல் இந்தப் பொய்யை நிறுத்துவது எப்படி?
— வாசகி, சேலம்

பதில்:

பொய் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு பையன் கைப்பேசியில் பார்த்துச் சொன்னதுதான் சாட்சி. இத்தனை வருஷம் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்திய கை இவ்வளவு அவசரப்படலாமா?

1931ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. டி.பி.ராஜலட்சுமி கதாநாயகி. அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று எங்கும் இல்லை. படம் இல்லை என்பதற்காக அவர் நடிக்கவில்லை என்று சொல்வோமா? கதாநாயகிக்கே அந்தக் கதி என்றால், தர்பாரில் ஈட்டி பிடித்து நின்றவருக்கு யார் கணக்கு வைத்திருப்பார்கள்? அந்தக் காலத்தில் டைட்டிலில் பெயர் வந்தது முக்கியமானவர்களுக்கு மட்டும்தான். கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்திலும் அப்படியே. ஏஜென்ட் ஆள் சேர்த்துக்கொண்டு வருவார், தலைக்கு இவ்வளவு என்று கூலி, சாயங்காலம் மேக்கப்பைக் கலைத்துவிட்டு நடந்தே அறைக்குத் திரும்புவார்கள். எடுத்த காட்சி எடிட்டிங்கில் போகும். தப்பி வந்தாலும், ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிரிண்டில் ரீலின் முனைகள் அறுந்து அறுந்து ஒட்டப்பட்டிருக்கும். உங்கள் அப்பா பேசிய வசனத்துக்கு வேறொருவர் டப்பிங் கொடுத்திருக்கலாம். தாடியும் தலைப்பாகையும் வைத்த இருபத்தெட்டு வயது முகத்தை, 86 வயது முகத்தை மட்டுமே பார்த்த ஒரு சிறுவன் எப்படி அடையாளம் காண்பான்?

உங்கள் அப்பா சொல்வது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதோடு அந்த விஷயம் முடிந்தது.

வளைகாப்புச் சபையில் உங்கள் கணவர் சிரித்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. பெற்றவரைச் சபையில் வைத்துக் கேலி பேசினால், பேசுகிறவர் யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே "போதும்" என்று சொல்ல வேண்டியது பெற்ற பிள்ளையின் கடமை. நீங்கள் சொல்லவில்லை. இப்போது வந்து அப்பாவின் வாயை எப்படி மூடுவது என்று என்னிடம் கேட்கிறீர்கள். உங்கள் கணவரின் வாயை முதலில் மூடுங்கள். மாமனாரிடம் போய் "தப்பாப் பேசிட்டேன் மாமா" என்று அவர் சொல்லட்டும். சொன்ன பிறகு நாம் மேலே பேசலாம்.

நான் பேச வந்தது உங்கள் அம்மாவைப் பற்றி.

நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போன அப்பாக்களைப் பற்றி இந்தப் பகுதிக்கு எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் அப்பா ஒரு பக்கம் முழுக்க இருப்பார், அம்மா ஒரு வரியில் இருப்பார். உங்கள் கடிதத்திலும் அப்படித்தான். "எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்" என்று எழுதி, அதன் பக்கத்திலேயே "தறி ஓட்டி வளர்த்தவர்" என்று சேர்த்துவிட்டு, உடனே அப்பாவிடம் திரும்பிவிட்டீர்கள். ஏன் எழுந்து போகிறார் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது பின்னாலேயே போய்க் கேட்டதுண்டா?

அன்றைய தறி வீடுகளில் பெரும்பாலும் ஆண்தான் தறிக் குழியில் இறங்கி நெய்வார். பெண்கள் ஊடு நூலைத் தார் சுற்றுவார்கள், நீளவாட்டு நூலான பாவுக்குக் கஞ்சி போடுவார்கள், கூடவே சமையலையும் பிள்ளைகளையும் பார்ப்பார்கள். உங்கள் அம்மா இருபத்திரண்டு வயதில் தானே குழிக்குள் இறங்கியிருக்கிறார். அப்படியானால் தார் சுற்றியது யார்? அவர் தறியில் இருந்தபோது தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டது யார்? ஐந்து வயதிலிருந்து பதினொரு வயதுவரை நீங்கள் அந்த வீட்டில்தான் இருந்தீர்கள். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறித் தறி நின்றால் அன்றைக்கு வீட்டில் என்ன பொங்கியது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்பாவின் ஒரு வசனத்தைத் தேடுவதற்கு வீடே சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. நீங்களே கண்ணால் பார்த்த ஆறு வருஷத்துக்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். என்னால் இதைச் சும்மா விட முடியவில்லை.

சினிமாவில் நின்றவர்களின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். எம்.ஜி.ஆர். 1936ல் 'சதிலீலாவதி'யில் சின்ன வேடத்தில் வந்தார். 'ராஜகுமாரி'யில் கதாநாயகன் ஆனது 1947ல். நடுவில் பதினொரு வருஷம். அதற்கும் முன்னால், அண்ணன் சக்ரபாணியோடு சின்ன வயதிலேயே, சிறுவர்கள் நடிக்கும் நாடகக் குழுவான பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர் அவர். அப்பா இல்லாத பிள்ளைகளைக் கும்பகோணத்தில் வைத்துக் காப்பாற்றியவர் அவர்களின் அம்மா சத்தியபாமா. பின்னாளில் அடையாற்றில் இருந்த ஸ்டூடியோவுக்கு அந்த அம்மாவின் பெயர்தான்.

சிவாஜி பிறந்த சமயத்தில் அவருடைய அப்பா சின்னையா மன்றாயர் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். குடும்பத்தைச் சுமந்தவர் ராஜாமணி அம்மாள். மகன் சிறுவனாகவே நாடகக் கம்பெனியோடு போய்விட்டார். 1952ல் 'பராசக்தி' வந்து பெயரும் பணமும் சேர்ந்த பிறகு தி.நகரில் அமைந்த வீட்டுக்கு அன்னை இல்லம் என்று பெயர். கால்ஷீட்டையும் கணக்கு வழக்கையும் தம்பி வி.சி.சண்முகம் பார்த்துக்கொண்டார். ஒருவர் வேஷம் போட, இன்னொருவர் வீட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற குடும்பம் அது. அப்படிப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்குச் சாவித்திரி ஒருவர் போதும். சொந்தப்படத்தில் பணத்தை இழந்து, பத்தொன்பது மாதம் நினைவில்லாமல் கிடந்து, 1981 டிசம்பரில் போய்ச் சேர்ந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

என் மனதில் எல்லோருக்கும் மேலே இருப்பவர் நடிகை டி.ஏ.மதுரம், என்.எஸ்.கிருஷ்ணனின் மனைவி. பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 கடைசியில் கைதான என்.எஸ்.கிருஷ்ணன் வெளியே வந்தது 1947ல். தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தவர் சிறையில். வெளியே வக்கீல் செலவு, அவரை நம்பியிருந்த நாடகக்காரர்களின் வயிறு, ஊர் வாய். மதுரம் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. நடிகர் எஸ்.வி.சகஸ்ரநாமத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு நாடகக் குழுவைக் கலையவிடாமல் நடத்தினார். 'பைத்தியக்காரன்' படம் அந்தக் காலத்தில்தான் உருவானது. அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போன வழக்கு அது. விடுதலையாகி வந்த என்.எஸ்.கே.வுக்கு நடிக்கக் குழு இருந்தது, படம் இருந்தது, வீடு இருந்தது. கலைவாணர் என்று நாம் கொண்டாடுகிற மனிதரின் இரண்டாம் பாதி வாழ்க்கை அந்த அம்மாள் காப்பாற்றி வைத்தது.

மதுரத்தின் பெயராவது திரையில் இருக்கிறது. உங்கள் அம்மாவின் பெயர் எந்த டைட்டிலிலும் வராது. ஆறு வருஷம் கழித்து உங்கள் அப்பா தோற்றுத் திரும்பியபோது நுழைவதற்கு ஒரு வீடு இருந்தது, "அப்பா" என்று கூப்பிட இரண்டு பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். அதை யார் வைத்திருந்து கொடுத்தார்கள்? அதன் பிறகு ஐம்பது வருஷத்துக்கும் மேலாக அவர் சொல்லும் தர்பார் கதையில் தறி ஒருமுறையாவது வந்திருக்கிறதா? வந்திருந்தால் அம்மா எழுந்து போயிருக்க மாட்டார். பொய் கேட்கப் பிடிக்காமல் அவர் போகிறார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தான் இல்லாத கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் எழுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

உங்கள் அப்பாவையும் நான் விடப்போவதில்லை. கலை மேல் ஆசைப்பட்டுப் போனது குற்றம் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தலைமுறையில் ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். உங்கள் சேலத்தில் ஏற்காடு சாலையிலேயே டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்த ஊரில், நாடகத்தில் வேஷம் கட்டிய ஒரு வாலிபனுக்கு அந்த ஆசை வராமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் கைக்குழந்தையோடு மனைவியை விட்டுவிட்டுப் போனவர், திரும்பி வந்து வாசற்படி ஏறியபோது அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. சொன்னாரா? 86 வயதிலும் அதைச் சொல்ல நேரம் இருக்கிறது. கேட்க வேண்டியவரும் அடுப்படியில்தான் இருக்கிறார்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்து அம்மா பாத்திரத்தை ஒதுங்கவைக்கும்போது நீங்களும் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பேரனையும் கைப்பேசியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். "அப்பா நடிச்சாராம்மா?" என்று ஆரம்பிக்காதீர்கள், மறுபடியும் எழுந்து போய்விடுவார். அந்த வீட்டில் தறி எந்தப் பக்கம் இருந்தது, பாவு கொடுத்த முதலாளி எந்தத் தெருவில் இருந்தார், கூலி என்றைக்குக் கொடுப்பார், தம்பிக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரி யார் துணைக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். மெட்ராஸிலிருந்து மணியார்டர் வந்ததா என்பதையும் கேளுங்கள். அழுதால் அழட்டும். "பழசெல்லாம் எதுக்கு இப்போ" என்பார். அதற்குப் பயந்து எழுந்து வந்துவிடாதீர்கள்.

பிறகு அப்பாவிடம் போய், அடுத்த முறை தர்பார் கதை சொல்லும்போது அந்த நேரம் சேலத்தில் அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தெரியாது என்றால், அம்மாவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லட்டும். தர்பாரில் நின்றதை அவர் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும், யாரும் தடுக்க வேண்டாம்.

மறுபடி எனக்கு எழுதுவதாக இருந்தால் அப்பா எந்தப் படத்தில் நடித்தார் என்று எழுத வேண்டாம். அந்த ஆறு வருஷத்தில் அம்மா என்னென்ன சேலை நெய்தார், கடைசிப் பாவை அறுத்த அன்று என்ன நினைத்தார் என்று அவர் வாயால் கேட்டு, அவர் பெயரைப் போட்டு எழுதுங்கள்.